குழந்தையே ஓட்டட்டும்!

மாய உலகத்திலும் படிக்கட்டா?

முகத்தில் ஒரு கண்ணாடி. மூக்குக் கண்ணாடி அல்ல. நீச்சல்காரர்கள் மாட்டிக்கொள்வதைவிடப் பெரியது. இரண்டு கண்ணையும் முழுவதும் மூடிவிடும். உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் தெரியும்.

தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். மேலே பார்த்தால் வானம். கீழே பார்த்தால் புல்தரை. பின்னால் திரும்பினால் பின்னால் நிற்கும் மரம். வீட்டில் நாற்காலியில் இருப்பவருக்கு, நடுக்காட்டில் இருப்பது போலவே தோன்றும்.

இதற்கு 'வர்ச்சுவல் ரியாலிட்டி' என்று பெயர். சுருக்கமாக வி.ஆர். என்பார்கள். தமிழில் 'மெய்நிகர் உலகம்' என்று எழுதுகிறார்கள்.

1968-ல் ஐவன் சதர்லண்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி இப்படி ஒரு கருவியைச் செய்தார். தலை தாங்காத எடை! கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்று அது ஒரு கையில் தூக்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. கடையில் விற்கிறது.

நடக்க இயலாத குழந்தைக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்று பலர் சொல்கிறார்கள். வீட்டைவிட்டு வெளியே போகாமலே கடலடியைப் பார்க்கலாம். மலை உச்சியைப் பார்க்கலாம்.

பார்க்கலாம். சரி. அந்தக் காட்டுக்குள் நாலு அடி எடுத்து வைக்க வேண்டுமே, அதற்கு என்ன செய்வது?

அங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் ஓர் ஆளை மனதில் வைத்துக்கொண்டு செய்தார்கள். அந்த ஆளுக்கு இரண்டு கால் உண்டு. நிற்பான். நடப்பான். இரண்டு கையும் நன்றாக வேலை செய்யும். பத்து விரலும் தனித்தனியே மடங்கும். 2016-ல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறைக்குள் நிஜமாகவே நடக்கும் முறை கடைக்கு வந்தது. அதைக் கண்டு உலகம் கைதட்டியது. நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமி கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கருவி அவள் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறது. உட்கார்ந்திருக்கும் தலை தாழ்ந்துதானே இருக்கும்? ஆகவே மாய உலகத்திலும் அவள் குள்ளமாகிவிடுகிறாள். மேஜை கழுத்தளவு நிற்கிறது. தரையில் கிடக்கும் சாவியைக் குனிந்து எடுக்கச் சொல்கிறது விளையாட்டு. அவளால் எப்படிக் குனிய முடியும்? உயரத்து அலமாரியைத் திறக்கச் சொல்கிறது. கை எட்டவில்லை.

நிஜ வீட்டில் எட்டாத அலமாரி, இல்லாத வீட்டிலும் எட்டவில்லை! மரமும் ஆணியும் வாங்காமல், கணக்குப் போட்டுக் கட்டிய அலமாரி அது. அதை ஒரு முழம் கீழே இறக்கத் தச்சர் கூட வேண்டியதில்லை.

இரண்டு பூனைக் குட்டிகள்

"குழந்தையால் நகர முடியாவிட்டால் என்ன? பக்கத்தில் இருக்கும் அம்மா பொத்தானை அழுத்தி நகர்த்தட்டுமே!" என்று சிலர் கேட்கலாம்.

கேள்வி நியாயமானதுதான். இதற்குப் பதில் சொல்ல இரண்டு பூனைக் குட்டிகள் இருக்கின்றன.

1963-ல் ரிச்சர்டு ஹெல்டு, ஆலன் ஹைன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பூனைக் குட்டிகளை இருட்டில் வளர்த்தார்கள். தினமும் சிறிது நேரம் மட்டும் இரண்டு குட்டிகளை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே ஒரு குடை ராட்டினம் போன்ற அமைப்பு. நடுவில் ஒரு கம்பம். கம்பத்தின் மேல் குறுக்குச் சட்டம். சட்டத்தின் ஒரு முனையில் ஒரு குட்டியைக் கட்டினார்கள். அது தன் காலால் நடக்கலாம். மறு முனையில் ஒரு சிறு தொட்டில். அதில் இரண்டாவது குட்டி. அதன் கால் தரையில் படாது.

முதல் குட்டி நடந்தால் தொட்டிலும் சுற்றும். சுற்றிலும் சுவரில் கோடு கோடாக வரைந்திருந்தது. இரண்டு குட்டிகளும் பார்த்தது ஒரே காட்சி. ஒன்று நடந்து பார்த்தது. மற்றது சவாரி செய்து பார்த்தது. வேறுபாடு அவ்வளவுதான்.

பிறகு பரீட்சை. முகத்துக்கு நேரே ஒரு பொருளைக் கொண்டுபோனால் நடந்த குட்டி கண்ணை மூடிக்கொண்டது. மேஜை விளிம்பை நெருங்கினால் காலை நீட்டியது. பள்ளம் போலத் தெரியும் பக்கம் போகாமல் விலகியது. சவாரி செய்த குட்டிக்கு இதெல்லாம் வரவில்லை! கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண் கண்டதைக் காலுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நல்லவேளை, இது நிரந்தரம் அல்ல. வெளிச்சத்தில் அவிழ்த்துவிட்டதும் இரண்டு நாளில் அதுவும் தானாக நடந்து கற்றுக்கொண்டது.

பூனை வேறு, பிள்ளை வேறு என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைகளைப் பற்றியே செய்த ஆராய்ச்சியும் உண்டு.

இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் செய்த ஆராய்ச்சி, 1996-ல் வெளிவந்தது. நிஜமாக உள்ள ஒரு கட்டடத்தை அப்படியே கம்ப்யூட்டரில் கட்டினார்கள். உடல் ஊனத்தால் நடமாட முடியாத பிள்ளைகளை அதற்குள் உலவவிட்டார்கள். தீயணைக்கும் கருவி எங்கே இருக்கிறது, தீப்பிடித்தால் வெளியேறும் கதவு எங்கே என்று அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். பிறகு நிஜக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார்கள். கண்ணுக்குத் தெரியாத அறையில் இருக்கும் பொருள் எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் காட்டினார்கள். அங்கே கற்றது இங்கே உதவியது.

அதே ஆராய்ச்சிக்காரர்கள் 2002-ல் இன்னொரு விஷயத்தையும் வெளியிட்டார்கள். இப்போது நடக்க முடியாத பிள்ளைகளிலும் இரண்டு வகை உண்டு. சிலர் சிறு வயதில் நடமாடியிருப்பார்கள். பிறகுதான் முடங்கியிருப்பார்கள். சிலர் பிறந்தது முதலே நடமாடியதில்லை. ஒரு மாயப் புதிர் வழியில் குறுக்குப் பாதை கண்டுபிடிக்கச் சொன்னபோது, முன்பு நடமாடிய பிள்ளைகளே நன்றாகச் செய்தார்கள்.

எப்போதும் தூக்கிக்கொண்டு போகப்படும் குழந்தைக்குப் பாதை மனதில் பதிவது கடினம். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவருக்கு ஊர் தெரிந்தாலும் வழி தெரியாது அல்லவா? அதுபோலத்தான்.

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் காலோவே என்பவர், நடக்காத சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு பேட்டரி பொம்மைக் காரை மாற்றிக் கொடுத்து ஓட்டவிட்டார். மிதிக்கும் பெடலை எடுத்துவிட்டுக் கையால் தட்டும் பெரிய பொத்தானை வைத்தார். பொத்தானைத் தட்டினால் கார் நகரும். அவ்வளவுதான் இயந்திரம். ஆனால் யார் நகர்த்தினார்கள்? குழந்தை!

உருளை மேல் நாற்காலி

மாய உலகமும் சக்கர நாற்காலியும் சந்தித்தது புதிய கதை அல்ல. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் யூஜீன் என்ற ஊரில், 1990-களிலேயே டீன் இன்மன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு இதைச் செய்தது.

மோட்டார் வைத்த சக்கர நாற்காலியை ஓட்டக் குழந்தை கற்க வேண்டும். தெருவில் விட்டுக் கற்றுக்கொடுக்க முடியுமா? இடித்துக்கொள்ளும். வண்டி வரும். பெற்றோர் மனம் துணியாது. துணியாததால் குழந்தை கற்காது. கற்காததால் நாற்காலியும் கிடைக்காது. இது ஒரு சுழல்.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குழந்தை உட்கார்ந்திருக்கும் நாற்காலியை உருளைகள் மேல் ஏற்றினார்கள். சக்கரம் சுற்றும், நாற்காலி நகராது. குழந்தைக்குக் கண்ணாடியை மாட்டினார்கள். நாற்காலியில் உள்ள அதே பிடியைத் தள்ளினால் கண்ணாடிக்குள் உலகம் நகரும். முதலில் வெறும் தரை. பிறகு தடைகள். பிறகு வண்டிகள் போகும் தெரு. தப்பாகத் திருப்பினாலும் அடிபடாது. மறுபடி ஓட்டலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நகரும் வழியைக் குழந்தையிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அது ஏற்கெனவே அறிந்த பிடி. அதன் கைக்குப் பழகிய பிடி. குழந்தைக்குக் கருவியைக் கற்றுக்கொடுப்பதற்கு முன், கருவிக்குக் குழந்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று கடையில் விற்கும் பல விளையாட்டுகளில் இந்த எளிய புத்தி இல்லை.

எத்தனை வழிகள்!

மாய உலகத்தில் நகர வழி ஒன்றே ஒன்று அல்ல.

கட்டை விரலால் ஒரு சிறு குச்சியைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போவது போல முன்னே போகலாம். சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு இது பழகிய சவாரி. ஆனால் இதில் ஒரு தொல்லை உண்டு. பலருக்குக் குமட்டும்.

ஏன் குமட்டுகிறது? 'நான் போய்க்கொண்டிருக்கிறேன்' என்று கண் சொல்கிறது. 'இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன்' என்று உடம்பின் அசைவை அறியும் உள்காது சொல்கிறது. இரண்டு சாட்சியும் முரண்படுகின்றன. மூளை குழம்புகிறது. தலை சுற்றுகிறது. பஸ்ஸில் புத்தகம் படித்தால் வாந்தி வருகிறதே, அதற்கு இது அண்ணன் தம்பி முறை. அங்கே உடம்பு போகிறது, கண் நிற்கிறது. இங்கே கண் போகிறது, உடம்பு நிற்கிறது.

இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. நகரும்போது மட்டும் காட்சியின் ஓரங்களை இருட்டாக்கிவிடுவது. குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுப்பகுதி மட்டும் தெரியும். நின்றவுடன் ஓரமும் தெரியும். ஓரத்தில் ஓடும் காட்சிதான் தலைசுற்றலைக் கூட்டுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2016-ல் இதைச் சோதித்தார்கள். சிறிது சிறிதாக, பார்ப்பவருக்கே தெரியாதபடி ஓரத்தைச் சுருக்கினால் தொல்லை குறைகிறது என்று கண்டார்கள். திரும்பும்போதும் வழுக்கித் திரும்பாமல், 'டக், டக்' என்று படிப்படியாகத் திரும்பினால் பலருக்கு நிம்மதி.

இன்னொரு வழி தாவல். தூரத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினால் போதும். கண் மூடித் திறப்பதற்குள் அங்கே இருக்கலாம். நடுவில் பயணமே இல்லை. ஆகவே குமட்டலும் குறைவு. வித்தைக்காரன் மறைந்து தோன்றுவது போல!

ஆனால் தாவியவனுக்கு வந்த வழி தெரியாது. இப்படித் தாவினால் திசை தடுமாறும் என்று 1997-லேயே ஆராய்ச்சி சொல்லிவிட்டது. எளிதில் குழம்பும் குழந்தைக்கு இது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். கை நடுங்கும் குழந்தைக்கு வேறு தொல்லை. சுட்டும் கோடு நடுங்கும். மரத்தைக் காட்டினால் குளத்தில் போய் நிற்கும். அந்தக் குழந்தைக்குத் தரையில் பெரிய வட்டங்களை வரைந்துவிடலாம். கோடு வட்டத்தின் பக்கத்தில் வந்தாலே ஒட்டிக்கொள்ளும்படி செய்யலாம். பொத்தானை அழுத்த முடியாவிட்டால், ஓரிடத்தையே இரண்டு விநாடி உற்றுப் பார்த்தால் போகும்படி செய்யலாம். இது சினிமாக் கற்பனை அல்ல. கண் பார்வையையும் தலை அசைவையும் அறியும் கருவிகள் வந்துவிட்டன. 2024-ல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் கண்ணாடியில், உற்றுப் பார்த்தே பொத்தானை அழுத்தும் வசதி உண்டு. விலைதான் கையைக் கடிக்கும்.

பார்வை நிலைக்காமல் கருவிழி ஆடிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு இந்த வழி உதவாது. அந்தக் குழந்தைக்குத் தலையசைவு உதவலாம். தலை தானாகவே வெட்டி இழுக்கும் குழந்தைக்குத் தலையசைவு உதவாது. அந்தக் குழந்தைக்கு முழங்கையால் தட்டும் ஒற்றைப் பொத்தான் உதவலாம். மூளை வாதம் என்ற ஒரே பெயர் சீட்டில் எழுதியிருந்தாலும் இரண்டு குழந்தைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

2021-ல் வந்த 'கொரில்லா டேக்' என்ற விளையாட்டு பிள்ளைகளிடையே பிரசித்தம். அதில் எல்லோரும் குரங்குகள். குரங்குக்குக் காலே கிடையாது! கையால் தரையைத் தட்டித் தட்டித்தான் போக வேண்டும். கால் இல்லாத பிள்ளையும் கால் உள்ள பிள்ளையும் அங்கே சரிசமம். வேடிக்கையான யோசனைதான். ஆனால் கையில் பலம் வேண்டும். பக்கக் கட்டை வைத்த நாற்காலியில் கை கீழே போகாமல் முட்டிக்கொள்ளும். ஒருவருக்குத் திறந்த கதவு இன்னொருவருக்குச் சுவராகி விடுகிறது.

இதனால்தான் ஒரே வழியைக் கொடுத்து, 'இதுதான் எல்லோருக்கும் ஏற்றது' என்று சொல்லும் விளம்பரத்தை நம்பக்கூடாது. பல வழிகளை வைத்துக் குழந்தையைத் தேர்ந்தெடுக்கவிட வேண்டும்.

முடியாத காரியமா? இல்லவே இல்லை. 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' என்ற விளையாட்டு 2020-ல் வந்தது. பெரியவர்கள் ஆடுவது, துப்பாக்கிச் சண்டை நிறைந்தது. பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. ஆனால் அதில் தாவலாம், வழுக்கிப் போகலாம், உட்கார்ந்தே ஆடலாம், ஒற்றைக் கையால் ஆடலாம். பெரியவர்களின் சண்டைக்குச் செய்ய முடிந்ததைக் குழந்தைகளின் பூங்காவுக்குச் செய்ய முடியாதா? மெட்டா கம்பெனியின் கண்ணாடியில் 2021-ல் ஒரு வசதி வந்தது. உட்கார்ந்திருப்பவரை நிற்கும் உயரத்துக்கு உயர்த்திக் காட்டும். ஒரே ஒரு பொத்தான்! அதுவரை மேஜையை அண்ணாந்து பார்த்தவர்கள் அதன்பின் குனிந்து பார்த்தார்கள்.

2018-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி ஒரு விளையாட்டுப் பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய பொத்தான்கள் இரண்டு. பின்னால் வரிசையாக 19 துளைகள். எந்த உறுப்பு அசைகிறதோ அதற்கேற்ற பொத்தானை அந்தத் துளையில் செருகிக்கொள்ளலாம். காலால் மிதிப்பது, தலையால் தட்டுவது எல்லாம் உண்டு. கம்ப்யூட்டருடனும் இது சேரும். போலந்து நாட்டில் செய்த 'வாக்கின் வி.ஆர்.' என்ற மென்பொருளோ, கம்ப்யூட்டரில் ஓடும் பல வி.ஆர். விளையாட்டுகளுக்கு நடுவே ஒரு தூதுவன் போல நிற்கிறது. எட்டாத கையை எட்டும் இடத்துக்குக் கொண்டுபோகிறது. நாற்காலியில் இருந்தபடியே திரும்பவும் நகரவும் விடுகிறது.

அதில் ஒரு நல்ல வசதி உண்டு. பக்கத்தில் இருப்பவர் தனியே ஒரு பிடியை வைத்துக்கொண்டு குழந்தைக்குக் கொஞ்சம் உதவலாம். அம்மா கை கொடுக்கலாம் என்று முன்னே கேட்டவர்களுக்கு இங்கே இடம் இருக்கிறது. குழந்தை 'அந்தப் பக்கம்' என்று காட்டட்டும். அம்மா அந்தப் பக்கம் ஓட்டட்டும். அம்மா தனக்குப் பிடித்த பக்கம் ஓட்டினால் குழந்தை தொட்டிலில் இருந்த பூனைக் குட்டிதான்.

கண்ணாடி வேண்டாம் என்றால்?

சில குழந்தைகள் முகத்தில் எதையும் மாட்ட விடமாட்டார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் இது அதிகம். கட்டாயப்படுத்தக் கூடாது.

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார், கண்ணாடியே இல்லாமல் அறை முழுவதையும் படமாக்கினார்கள். நீல அறை என்று பெயர். சுற்றிலும் சுவரில் காட்சி. குழந்தை நடுவில் இருக்கும். பக்கத்தில் மனநல நிபுணர் இருப்பார். பஸ்ஸில் ஏற, கடைக்குப் போக என்று ஏதாவது ஒன்றுக்குப் பயப்படும் 9 சிறுவர்களுக்கு இதில் பயிற்சி தந்தார்கள். காட்சிக்குள் எப்போது, எவ்வளவு தூரம் போவது என்பதில் பையனின் விருப்பத்துக்கு இடம் இருந்தது. 2014-ல் முடிவு வெளிவந்தது. 9 பேரில் 8 பேருக்கு முன்னேற்றம். 4 பேருக்குப் பயமே போய்விட்டது. 9 பேர் என்பது சிறிய கணக்குதான். ஊரெல்லாம் பலிக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பெற்றோர் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எல்லா வயதுக்கும் இந்தக் கண்ணாடி ஏற்றதல்ல. மெட்டா கம்பெனி 13 வயது என்று வைத்திருந்த வரம்பை 2023-ல் 10 வயதாகக் குறைத்தது. 13 வயது ஆகும்வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். வேறு கம்பெனிகள் 12 என்றும் 13 என்றும் வைத்திருக்கின்றன. வலிப்பு வரும் குழந்தைக்கு, மின்னி மின்னி மறையும் வெளிச்சம் ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. கழுத்து நிற்காத குழந்தைக்குக் கண்ணாடியின் எடையே பாரம். முதல் நாள் இரண்டு மூன்று நிமிஷம் போதும். நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

முகம் வெளுத்தால், வியர்த்தால், கொட்டாவி மேல் கொட்டாவி வந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். பேச முடியாத குழந்தையாக இருந்தால், 'போதும்' என்பதற்கு ஓர் அடையாளத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மேஜையை ஒரு தட்டு. அல்லது இடது கையைத் தூக்குவது. கண்ணாடிக்குள் இருக்கும்போது கண்ணைச் சிமிட்டினால் வெளியே இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே கண் அடையாளம் வேண்டாம். கண்ணாடியை மாட்டுவதற்கு முன்பே அந்தச் சைகையை இரண்டு முறை செய்து பார்த்துக்கொள்ளலாம். குழந்தை விளையாட்டாகத் தட்டினாலும் அந்த நிமிஷமே கழற்றிக் காட்ட வேண்டும். மறுபடி மாட்டச் சொல்லிக் கேட்டால் மாட்டிவிடலாம்.